ஓலையில் கேட்கப்படாத தடை



"இந்தக் காலத்துப் பண்பாடு நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது" என்ற பேச்சை அன்பியக் கூட்டத்திலும் கேட்கிறோம், பங்குப் பேரவையிலும் கேட்கிறோம், மறையுரையிலும் கேட்கிறோம். கைப்பேசி, உடை, நள்ளிரவு வரை விழித்திருத்தல், ஞாயிறு திருப்பலிக்கு வராமை என்று பட்டியல் நீளும். இதைச் சொல்லும்போது கோவிலில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் தலையசைப்பார்கள். தலையசைப்பது எளிது. ஏனெனில் அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் அடுத்தவர் செய்பவை. அதுவும் இளையோர் செய்பவை.

அதில் உண்மை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இன்றைய உலகில் இயேசுவின் சீடராக வாழ்வது என்றால் என்ன என்று கேட்கும்போது, அக்கேள்வி பெரியவர்களாகிய நமக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் பங்குகளில் அந்த இடம் திருமணம். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், திருமணப் பேச்சில் நுழையும் சாதி.

நம் பங்குகளில் திரும்பத் திரும்ப நடப்பதுதான் இது. மகள் படித்து, சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போகிறாள். அங்குள்ள பங்கில் ஒரு கத்தோலிக்க இளைஞரைச் சந்திக்கிறாள். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர், பாடகர் குழுவில் பாடுபவர், குடிப்பழக்கம் இல்லாதவர். வீட்டில் சொல்கிறாள். உடனே வரும் கேள்வி, "நம்ம ஆளுங்களா?" என்பதுதான். "ஆர்.சி.தான் அம்மா" என்று மகள் சொன்னால் அது பதிலாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. கேட்டது அதுவன்று என்பது இருவருக்குமே தெரியும். அன்றிரவு அந்த வீட்டில் வழக்கம்போல் செபமாலை சொல்லப்படுகிறது. மகளின் மனம் மாற வேண்டும் என்ற கருத்துக்காக!

இதை நாம் பழைய பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நவீன வசதிகள் எல்லாம் இதற்குத்தான் முதலில் பயன்படுகின்றன. வரன் தேடும் இணையதளங்களில் மதத்தை அடுத்துச் சாதி, சாதியை அடுத்து உட்பிரிவு என்று கட்டங்கள் இருக்கின்றன. ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும், மற்ற கிறிஸ்தவர்கள் அனைவரும் திரையிலிருந்து மறைந்துவிடுவார்கள். எந்தக் கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று குறைப்படுகிறோமோ, அதே கைப்பேசியில் நம் உறவின்முறைக்கென்று தனி வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் காலையில் இறைவார்த்தை வருகிறது, மாலையில் 'நம்மவர்' வரன் விவரம் வருகிறது.

கிறிஸ்தவர்கள் தங்களைச் சுற்றியுள்ள பண்பாட்டோடு எப்படி வாழ வேண்டும் என்பது திருச்சபையில் புதிதாக எழுந்த கேள்வி அன்று. தியோஞ்ஞேத்து என்பவருக்குக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட மடல் ஒன்று உண்டு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கிறிஸ்தவர்கள் தனி ஊரில் வாழ்வதில்லை, தனி மொழி பேசுவதில்லை, உடையிலும் உணவிலும் அவ்வவ்வூர் மக்களைப் போலவே இருக்கிறார்கள் என்கிறது அம்மடல். எல்லாரையும் போல மணமுடிக்கிறார்கள், பிள்ளைகளைப் பெறுகிறார்கள். ஆனால் பிறந்த குழந்தையை அவர்கள் வெளியே எறிந்துவிடுவதில்லை. வேண்டாத குழந்தையைத் தெருவில் விட்டுவிடுவது அன்றைய உரோமை உலகில் எல்லாரும் அறிந்த வழக்கம். பெரும்பாலோர் அதைப் பெரிய குற்றமாக எண்ணவில்லை. ஊர் முழுவதும் 'இதெல்லாம் சகஜம்' என்று சொன்ன அந்த ஓர் இடத்தில் கிறிஸ்தவர்கள் வேறுபட்டார்கள். உடையில் வேறுபடுவதற்குச் செலவு குறைவு. இந்த வேறுபாட்டிற்குச் செலவு அதிகம்.

அந்த மடலை இன்று யாராவது நம்மைப் பார்த்து எழுதினால் எதை எழுதுவார்? நம் உடையை, நம் பாடல்களை, நம் திருவிழாத் தேரை எழுதலாம். அத்தேர் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தத் தெருவிற்குள் போவதில்லை என்பதையும் அவர் கவனித்துவிட்டால் நமக்குச் சங்கடம்தான்.

நமக்கு அருகிலேயே ஒரு புனிதர் இருக்கிறார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைக்குத் தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் வழியாக அவர் கிறிஸ்துவை அறிந்தார். துன்பத்தில் இருந்த அவருக்கு யோபுவின் கதையை டிலனாய் எடுத்துச் சொன்னது நாம் அறிந்ததே. 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்பதன் தமிழ்ப் பெயரான தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். அவருடைய துணைவியார் ஞானப்பூ ஆனார்.

திருமுழுக்கிற்கும் கைதுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். அவர் காட்டிற்குப் போய் முனிவராகவில்லை; இல்லறத்தாராகவே, தம் மக்களிடையே வாழ்ந்தார். ஆனால் மனிதர் அனைவரும் சமம் என்று பேசினார். சாதி வேறுபாடு பாராமல் பழகினார். உயர்குடியில் பிறந்த ஒருவர் இப்படி நடந்துகொண்டதைப் பொறுக்க முடியாதவர்கள் அவருக்கு எதிராக எழுந்தார்கள். 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமையின் மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது.

2012-இல் அருளாளராகவும், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே. புனிதர் பட்டத்தின்போது, அதுவரை அவர் பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை' என்ற சாதிப்பெயர் விடப்பட்டது. வீடுகளில் மாட்டியிருந்த பழைய படங்களில் அப்பெயர் இன்னும் இருக்கலாம். திருச்சபையின் புனிதர் வரிசையில் இல்லை.

அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில் பின்னர் நடந்ததை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டப்பட்ட கோவில் கால்சட்டை வடிவத்தில் அமைந்தது. ஒரு காலில் ஒரு சாராரும் மறு காலில் மறு சாராரும் இருந்து திருப்பலி காண்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பீடம் மட்டும் பொது. மறைச்சாட்சியின் திருமுழுக்கு நடந்த ஊரிலேயே, நற்கருணை நாதரின் முன்னிலையிலேயே சுவர்! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. உடனே அதை மீண்டும் கட்டித்தர வேண்டும் என்று கேட்டு நீதிமன்றம் சென்றவர்களும் கத்தோலிக்கர்தாம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, அவர்கள் தோற்றார்கள். கோவிலுக்குள் சுவர் வேண்டாம் என்று நமக்குச் சொல்ல நீதிபதிகள் தேவைப்பட்டார்கள் என்பது பெருமைப்படத்தக்க வரலாறு அன்று.

இன்று கோவிலுக்குள் சுவர் இல்லை. திருப்பலியில் ஒரே பெஞ்சில் அமர்கிறோம், சமாதானம் சொல்லிக்கொள்கிறோம், ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம். ஆனால் அந்தச் சுவரின் கற்களை நாம் வீட்டிற்குக் கொண்டுபோய் விட்டோமோ என்று தோன்றுகிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

தமிழகத்தின் ஆயர்கள் 2003 நவம்பரில் உரோமை சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைப் பற்றி அவர்களிடம் நேரடியாகவே பேசினார். கிறிஸ்தவர்களுக்கிடையே சாதியின் சாயல் தோன்றினால்கூட அது மெய்யான மனித ஒன்றிப்புக்கு எதிர்ச்சான்று, நற்செய்தி அறிவிப்புக்குப் பெரும் தடை என்பது அவர் சொன்னதன் பொருள். ஆயர்களிடம் சொன்னது என்பதால் அது ஆயர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். மணமேடை ஆயர் இல்லத்தில் போடப்படுவதில்லை, நம் வீடுகளில்தான் போடப்படுகிறது.

திருமணத்திற்கு முன் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் அறிவிப்பை நம் பெரியோர் 'ஓலை' என்பார்கள். இவர்கள் மணமுடிக்கத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் கேட்கப்படுகிறது. தடைகள் எவை என்பதைத் திருச்சபைச் சட்டம் தெளிவாக வரையறுக்கிறது (எண் 1083 முதல் 1094 வரை). வயது போதாமை, முன்பே உள்ள திருமணப் பிணைப்பு, குருத்துவம், துறவற வார்த்தைப்பாடு, நெருங்கிய இரத்த உறவு என்று அவை வரும். அந்த வரிசையை எத்தனை முறை படித்தாலும் சாதி அதில் கிடைக்காது.

அதைவிட நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். அதை வேறெந்த மனித அதிகாரமும் அவர்களுக்காகக் கொடுக்க முடியாது (எண் 1057). வன்முறையாலோ, வெளியிலிருந்து வந்த கடும் அச்சத்தாலோ ஒருவர் வேறு வழியின்றிச் சொல்லும் சம்மதம் செல்லாது (எண் 1103). "நீ அவனைக் கட்டினால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்" என்று தாய் சொன்ன மறு மாதத்தில், பெற்றோர் பார்த்த வரனுக்குப் பீடத்தின் முன் "சம்மதம்" சொல்லும் பெண்ணின் குரலை நாம் கேட்டிருக்கிறோம். அது செல்லுமா செல்லாதா என்று தீர்ப்பிடுவது மறைமாவட்டத் தீர்ப்பாயத்தின் வேலை. ஆனால் ஓர் அருள்சாதனத்தையே ஆட்டம் காணச் செய்யக்கூடிய காரியத்தை, 'குடும்ப மானம்' என்ற பெயரில், வேண்டுதலோடும் கண்ணீரோடும் செய்கிறோம் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டும்.

பெற்றோரின் பக்கத்தையும் பார்க்காமல் பேசக்கூடாது. அவர்களுடைய அச்சம் பொய்யானது அன்று. அண்ணன் வீட்டார் வர மாட்டார்கள், இளைய மகளுக்கு வரன் அமையாது, ஊரில் ஒரு நல்லது கெட்டதற்குக் கூப்பிட மாட்டார்கள். சாதிக்காகப் பெற்ற பிள்ளைகளையே கொல்லும் கொடுமையையும் நம் நாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த நிலையில் ஒரு தந்தையைத் தனியாக நிறுத்தி, "புனித தேவசகாயத்தைப் போல் இரும்" என்று சொல்வது இலகு. அவரைத் தனியாக நிற்க விட்டதில் நமக்குப் பங்கு இல்லையா? பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கை தந்துவிட்டு, ஏழையை ஓரமாக நிற்கச் சொல்லும் சபையைப் பற்றி யாக்கோபு எழுதியது (யாக் 2:1-9) தனி மனிதருக்கு அன்று, சபைக்கு.

எனவே பங்கு என்ற முறையில் செய்யக்கூடியது என்ன என்று யோசித்தோம். திருமண முன்தயாரிப்பு வகுப்பிற்கு இளையோரை மட்டும் அனுப்புகிறோம். பல நேரங்களில் அவர்களுக்குத் தெரிந்ததுகூட வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. பெற்றோருக்கும் ஒரு நாள் வைக்கலாம். மேலே சொன்ன சட்ட எண்களை அங்கே வாசித்தாலே பலர் திகைப்பார்கள். பங்கு இதழில் வரும் மணமகன், மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்பதற்குப் பிறகு வரும் சொல்லை நீக்கிவிட்டு அச்சிடலாம். நமக்குத் தெரிந்தவரை இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சில சந்தாக்கள் குறையும், அவ்வளவுதான்.

இன்னொன்றுக்குப் பணமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். உறவினர் வர மறுத்த திருமணம் ஒன்று வரும் மாதங்களில் நம் பங்கில் நடக்கலாம். பெண் வீட்டாருக்கு ஒதுக்கிய முன்வரிசைப் பெஞ்சுகள் காலியாக இருக்கும். அந்த அன்பியத்தைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள் பட்டுடுத்தி, பிள்ளைகளோடு, திருப்பலி தொடங்கக் கால் மணி நேரத்திற்கு முன்பே வந்து அந்தப் பெஞ்சுகளில் உட்காரலாம். திருப்பலி முடிந்ததும் கிளம்பிவிடாமல், பெண்ணின் தந்தையோடு விருந்திற்கும் இருந்து, பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் அமர்ந்து சாப்பிடலாம்.