ரத்தத்தில் தெரியும் நுரையீரல் காயம்

மனித நுரையீரலில் காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் தடுப்பு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளின் சுவரும், அவற்றைச் சூழ்ந்தோடும் தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால்தான் உள்ளிழுத்த ஆக்சிஜன் ஒரு நொடிக்குள் ரத்தத்தை அடைகிறது. இன்ஃபுளுயன்ஸா, கொரோனா போன்ற வைரஸ்கள் நுரையீரலின் ஆழம்வரை இறங்கும்போது எளிதில் சிதைவதும் இதே மெல்லிய தடுப்புத்தான். அது சிதைந்தால் கசிவு இரு திசைகளிலும் நிகழ்கிறது: ரத்தத்திலுள்ள நீரும் புரதமும் நுண்ணறைகளுக்குள் புகுந்து காற்றுக்கு இடமின்றிச் செய்கின்றன, நுண்ணறைச் செல்களுக்கே உரிய சில புரதங்களோ எதிர்ப்புறமாக ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தத்தில் அளந்து நோயின் நிலையை அறிய உதவும் இத்தகைய பொருள்களை உயிர்க்குறிப்பான்கள் என்பர்.

இக்காயம் முற்றிய நிலை ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் கடுமையான மூச்சுத்திணறல் நோய்த்தொகுதியாகும். 1967இல் அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளை முன்வைத்து ‘லான்செட்’ இதழில் இதனை முதன்முதலாக விவரித்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களோடு வைரஸ் தொற்று கண்டவர்களும் அந்தப் பன்னிருவரில் இருந்தனர். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் இந்நோய் மார்பின் எக்ஸ்ரே போன்ற படங்களாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் எந்த அளவுக்குக் குறைந்துள்ளது என்ற கணக்காலும்தான் கண்டறியப்படுகிறது. மாரடைப்பை உறுதிப்படுத்த ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை இருப்பதுபோல் நுரையீரலுக்கு ஒன்று இன்னும் அமையவில்லை.

அந்த இடத்தை நிரப்பக்கூடிய பொருள்களைத் தேடியவர்கள் நுண்ணறையின் உயிரணுக்களிலிருந்தே தொடங்கினார்கள். நுண்ணறைப் பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மூடியிருப்பவை முதல் வகைச் செல்கள். தட்டையாக விரிந்து காற்றைக் கடத்துவது அவற்றின் பணி. அவற்றின் அடிப்பக்கத்தில் மிகுதியாகக் காணப்படும் ரேஜ் என்னும் ஏற்பிப் புரதம், செல் காயமுறும்போது அறுபட்டு ரத்தத்தில் மிதக்கத் தொடங்குகிறது. அதன் அளவு உயர்ந்தவர்களுக்கு நுண்ணறைச் சிதைவும் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கிறது. இரண்டாம் வகைச் செல்கள், நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்புப் பொருளைச் சுரப்பவை; கொரோனா வைரஸ் நுண்ணறையில் முதன்மையாகத் தாக்குவதும் இவற்றையே. இவற்றிலிருந்து வரும் எஸ்.பி.-டி, கே.எல்.-6 ஆகிய இரு புரதங்களை நுரையீரல் திசு தடிக்கும் நோய்களுக்காக ஜப்பானிய மருத்துவர்கள் நெடுங்காலமாகவே வழக்கமான பரிசோதனையாகப் பயன்படுத்திவருகின்றனர். தடுப்பின் மறுபக்கமான தந்துகியின் உட்சுவரிலிருந்து வெளிப்படுவது ஆஞ்சியோபொய்ட்டின்-2. இது சேதத்தை அறிவிப்பதோடு நில்லாமல், சுவர்ச் செல்களின் பிணைப்பைத் தளர்த்திக் கசிவைத் தானே வளர்க்கவும் செய்கிறது.

கொரோனா காலத்தில் வீடுகள்தோறும் பேசப்பட்ட பெயர்கள் இவை அல்ல. சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர், இன்டர்லூகின்-6 ஆகியவையே ஆய்வகச் சீட்டுகளில் நிறைந்திருந்தன. உடலில் எங்கு அழற்சி மூண்டாலும் கல்லீரல் சுரந்துவிடும் புரதம் சி.ஆர்.பி.; ரத்தக்கட்டு கரையும்போது உண்டாகும் துணுக்கு டி-டைமர். நோயின் கடுமையைக் கணிக்க இவை பெரிதும் உதவின என்றாலும், காயம் நுரையீரலில்தான் நேர்ந்துள்ளது என்று இவற்றில் எதுவும் தனித்துச் சொல்லாது. ஊர் முழுவதற்கும் ஒலிக்கும் அபாயச் சங்கைக் கேட்டு, தீப்பற்றியது எந்த வீடு என்று அறிய முடியாதது போன்றது இது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா, ஆக்சிஜன் அளவு சரியாக உள்ள லேசான நோயாளிகள் சி.டி. ஸ்கேனும் இத்தகைய ரத்தப் பரிசோதனைகளும் செய்துகொள்ள வேண்டாமென்று வெளிப்படையாகவே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை மிகவும் தேவையாக இருந்தது. ஏனெனில் சீட்டில் கண்ட எண்ணுக்கு அஞ்சித் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு கொடுப்பது உயிருக்கே கேடாக முடியக்கூடும். பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோதிலும், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் தரவில்லை.

ஆகவே ஒரு குறிப்பானின் மதிப்பை அது எவ்வளவு நுட்பமாக அளக்கப்படுகிறது என்பதைவிட, அதைப் பார்த்தபின் மருத்துவர் செய்வது மாறுகிறதா என்பதைக் கொண்டே எடைபோட வேண்டும். அப்படி மாற்றியதற்குச் சான்றுகள் உண்டு. அதே ‘ரெக்கவரி’ ஆய்வில் ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 4,116 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அழற்சிச் செய்தியை அடக்கும் டோசிலிசுமாப் பெற்றவர்களில் 28 நாள்களுக்குள் இறந்தோர் 31 விழுக்காடு, பெறாதவர்களில் 35 விழுக்காடு. இதைவிடத் தெளிவானது கிரேக்கத்திலும் இத்தாலியிலும் 594 பேரிடம் நடந்த ‘சேவ்-மோர்’ ஆய்வு. நோயெதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பிலிருந்து கழன்று ரத்தத்தில் சேரும் சூபார் என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 6 நானோகிராமுக்குக் குறையாமல் இருந்தவர்களுக்கு மட்டும், மூச்சு முற்றிலும் தளரும் முன்பே அனகின்ரா மருந்தைக் கொடுத்தபோது இறப்பு பாதியளவுக்குக் குறைந்தது. இவ்வாறு தேர்ந்தெடுக்காமல் அதே மருந்தைக் கொடுத்த வேறு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை.

ஒரே பெயரால் அழைக்கப்படும் நோயாளிகள் உண்மையில் ஒரே தன்மையர் அல்லர் என்பதை ஆய்வாளர் கேரலின் கால்ஃபீ குழுவினர் கொரோனாவுக்கு முன்பே, 2014இல், எடுத்துக்காட்டியிருந்தனர். ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளின் ரத்தப் புரதங்களை ஆராய்ந்த அவர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கடும் அழற்சியும் மிகுந்த இறப்பும் கொண்ட தனிப் பிரிவாகப் பிரிவதைக் கண்டனர். எந்தப் பிரிவினருக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க இக்கண்டுபிடிப்பு வழி திறந்தாலும், நடைமுறைத் தடை ஒன்று எஞ்சியிருக்கிறது. ரேஜ், ஆஞ்சியோபொய்ட்டின்-2 முதலியவற்றை அளக்கும் வழக்கமான ஆய்வக முறை பல மணி நேரம் பிடிப்பது. மூச்சுத் திணறி வருபவருக்கோ ஒரு மணி நேரத்துக்குள் முடிவு வேண்டும். நோயாளியின் படுக்கையருகே விரைந்து அளக்கும் கருவிகளை உருவாக்குவதில் ஆய்வாளர்கள் இப்போது முனைந்திருப்பது அதனால்தான்.