குடியை விட நினைப்பவருக்கு ஒரு வழி

நம் கடையில் மூட்டை தூக்குபவர் குடியால் வேலைக்கு வராவிட்டால், கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது எளிது. அதனால் குடி நிற்காது. அவர் குடும்பம்தான் தவிக்கும்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிப்பழக்கத்தால் சீரழிந்த இருவர் தொடங்கியதே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் ஏ.ஏ. இயக்கம். இதன் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணமில்லை, வந்தவர் பெயர் வெளியே போகாது. குடியை விடும் விருப்பமே தகுதி.

கூட்டம் எங்கே என்று அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். எனவே முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கூட்டம் நடக்கும் நாளில் அவரை ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்புவோம். நம்பிக்கையான ஆள் மீண்டு வந்தால் கடைக்கும் லாபம்தானே!