வசனம் யாருடையது?

ஷூ கம்பெனியில் ஷிப்ட் விட்டதும் ஆம்பூர் டீக்கடைகளில் போன்கள் கைமாறும். அதில் பெரும்பாலும் ஓடுவது கமல் காமெடி. "கமல் மாதிரி யார்ணா பேச முடியும்?" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் வசனகர்த்தா கிரேஸி மோகன் பெயரைச் சொல்வேன். இங்கே தைக்கிற ஷூ வெளிநாட்டுக் கம்பெனி முத்திரையோடு கப்பலேறுகிற மாதிரி, அவர் எழுதியதெல்லாம் நடிகர் பெயரில் ஊர் சுற்றியது.

மோகன் 1952இல் பிறந்தவர். கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தார். 1976இல் எஸ்.வி.சேகருக்கு எழுதிக் கொடுத்த 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தால் 'கிரேஸி' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய இன்னொரு நாடகத்தைத்தான் இயக்குநர் பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வந்த பிறகு கமலோடு நீண்ட கூட்டணி.

அவர் விரும்பிப் படித்தவர் இங்கிலாந்தின் பி.ஜி.உட்ஹவுஸ். உட்ஹவுஸ் கதையில் ஒருவன் ஒரு பொய் சொல்வான். அதைக் காப்பாற்ற இன்னொன்று. வீட்டிலிருக்கும் எல்லோரும் அதில் மாட்டுவார்கள். மோகனும் முதலில் இந்தச் சிக்கலைத்தான் போடுவார், சிரிப்பு பிறகு தானாக வரும்.

'அவ்வை சண்முகி'யைப் (1996) பாருங்கள். 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தின் தழுவல்தான். ஆனால் இங்கே உண்மையை மறைப்பது மாமி வேஷம் போட்ட கமல் மட்டுமல்ல. நாசர் நடித்த பாஷா, ஐயர் வீட்டுச் சமையல்காரனாக, ஊமையாக நடிக்கிறான். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். வசனகர்த்தா ஒருவர் ஒரு பாத்திரத்தின் வாயைக் கட்டிப்போட்டே சிரிக்க வைக்கிறார்! எனக்கு அவர் எழுத்தில் மிகவும் பிடித்த இடம் இது. வீட்டில் யார் எதைச் சாதாரணமாகக் கேட்டாலும் நமக்குப் பகீரென்கிறது.

ஜெமினி கணேசன் நடித்த அந்த ஐயர் செய்வது தோல் வியாபாரம். அடுக்களையில் அத்தனை ஆசாரம், வருமானமோ தோலில். ராணிப்பேட்டையிலும் பேர்ணாம்பட்டிலும் டேனரி வாசத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்த முரண் எங்கே சுடும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே படத்தில் மீனாவின் பெயர் ஜானகி. 'அபூர்வ சகோதரர்கள்' கௌதமியும், 'வசூல்ராஜா' (2004) சினேகாவும் ஜானகிதான். சிறுவயதில் தன்னை மேடை ஏற்றிய ஆசிரியையின் பெயரை மோகன் விடாமல் வைத்துக்கொண்டே வந்தார். நன்றியை இப்படியும் காட்டலாம்.

'வசூல்ராஜா'வில் டாக்டர் மார்க்கபந்துவாக அவரே வருவார். நம் பக்கத்துக்காரர்களுக்கு இது வீட்டுப் பெயர். விரிஞ்சிபுரத்துச் சாமி பெயராயிற்றே. சின்ன வேடம்தான். முகத்தில் சிரிப்பே இருக்காது, கேள்விக்குப் பதில் சொல்வதோடு சரி. அதிர்வேட்டு எதிராளிக்குத்தான். தான் எழுதிய படத்தில்கூட நல்ல வரியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது மேடைக்காரரின் பழக்கம். குழுவில் ஒருவர் மட்டும் கைதட்டு வாங்கினால் நாடகம் படுத்துவிடும்.

2019 ஜூன் 10ஆம் தேதி அவர் காலமானார். அடுத்த முறை அவர் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' போட்டால், சாம்பாரில் மீன் விழுந்த அந்தக் கல்யாணச் சமையல் காட்சியில் கமலை விட்டுவிட்டு டெல்லி கணேஷை மட்டும் கவனியுங்கள். சிரிப்புக்கு ஒரு வரி முன்னால் பேசுவது யார் என்று தெரியும்.