உஷார்! காது வீங்கினால் காதோடு விட்டுவிடாதீர்கள்

காது மடல் திடீரென்று சிவந்து வீங்குகிறது. தலையணையில் சாய்க்க முடியாத வலி. பூச்சி கடித்திருக்கும் என்று களிம்பு தடவுகிறோம். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறோம். சில நாட்களில் வீக்கம் தானாகவே வடிகிறது. மாத்திரை கேட்டுவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். ஆபத்தே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது!

மடல் சிவந்திருக்கும்போது கம்மல் போடும் சதையைப் பாருங்கள். அங்கே குருத்தெலும்பு கிடையாது. அந்தச் சதை மட்டும் இயல்பாக இருந்து, இரண்டு காதுகளிலும் மாறி மாறி வீக்கம் வந்தால், ‘ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ்’ நோயைச் சந்தேகிக்க வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தியே குருத்தெலும்பைத் தாக்கும் அரிய நோய் இது. மூக்குத்தண்டு உள்வாங்கலாம், கண் சிவக்கலாம், செவித்திறன் குறையலாம். எல்லாவற்றையும் விடக் கொடியது, மூச்சுக்குழாய் சுருங்குவது.

இந்தக் குருத்தெலும்பு நோய் பல நேரம் துணையோடு வருகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தக்குழாய் அழற்சி, லூபஸ், முடக்குவாதம் போன்ற வேறொரு நோயும் சேர்ந்தே இருக்கும். 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட ‘வெக்ஸாஸ்’ இவற்றில் மிக அபாயமானது. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய ஆண்களையே இது தாக்குகிறது. எலும்பு மஜ்ஜை செல்களில் ‘யூபிஏ1’ என்ற மரபணு பிற்காலத்தில் பழுதாவதால் வருகிறது. பரம்பரை நோய் அல்ல. விடாத காய்ச்சல், தோலில் வலியுள்ள தடிப்புகள், நுரையீரல் அழற்சி, காலில் ரத்த உறைவு, சிவப்பணுக்கள் அளவில் பெருத்த ரத்தசோகை ஆகியவை இதன் அடையாளங்கள். காதுக்கு ஒரு டாக்டர், காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியே அலைந்தால், நோய் யார் கண்ணிலும் படாது.

காது வீக்கம் மறுபடி வந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். மூட்டு, வாத நோய் நிபுணரிடம் எல்லா அறிகுறிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்த அணுக்கள் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்தக் குருத்தெலும்பு நோயை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோய் மூச்சுக்குழாயைத் தாக்கலாம் என்பதால், குரல் கம்மினாலோ, தொண்டையின் முன்பக்கம் தொட்டால் வலித்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்!