உஷார்! தீபத்துக்குக் கிளம்பும் வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலைக்கு வரும் சாலைகளில் வேன்களுக்குப் பஞ்சமில்லை. திண்டிவனம், செஞ்சி வழியாக ஒரு கூட்டம். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக இன்னொரு கூட்டம். சீட்டுக்கு மேல் ஆள், கேரியரில் மூட்டை. டயரில் காற்று பார்ப்போம், டீசல் பார்ப்போம், கண்ணாடிக்கு முன்னால் எலுமிச்சம்பழம்கூடக் கட்டுவோம். அத்தனை பாரத்தையும் சுமக்கும் முன்சக்கர பேரிங்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது முற்றிலும் கெட்டுப்போனால் ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரமே கழன்று ஓடும். இது பயமுறுத்தும் பேச்சில்லை, நடக்கக்கூடியது.

தீபம் வருவதே மழைக்காலத்தில்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தீபமலையில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. அந்த ஆண்டு தீபம் டிசம்பர் 13 அன்று. நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை. சாலையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளுக்கு என்ன ஆகும் தெரியுமா? ஓடிச் சூடான ஹப் சட்டென்று நீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பால்போல் வெளுத்துவிடும். அப்புறம் துருதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தெரிவது சத்தத்தில். வேகம் கூடக் கூட "ஊ...ம்" என்று ஒரு இரைச்சல். இடப்பக்கம் வளையும்போது அது பெரிதானால் வலப்பக்க பேரிங்மேல் சந்தேகம் வையுங்கள். வளைவில் பாரம் அந்தப் பக்கம்தானே சாய்கிறது! சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ஸ்டாண்டு வைக்காமல் அடியில் கை விடவே கூடாது. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்னைப் பாருங்கள்.

இனிதான் பெரிய ஆபத்து. "அண்ணே, சக்கரம் ஆடுது." "இவ்ளோதானேப்பா, நட்டை இறுக்கிட்டா ஆச்சு." சில மெக்கானிக்குகள் கம்பி போட்டு, ஹப் நடுவிலுள்ள நட்டை முழுப் பலத்தோடு இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஆட்டம் போய்விடும், ஓட்டுநர் சந்தோஷமாகக் கிளம்புவார். தளர்ந்த பேரிங்கைவிட இப்படி நெரிபட்ட பேரிங் சீக்கிரம் சாகும். ரோலருக்கு மூச்சுவிட இடமில்லாமல் சூடேறி, கிரீஸ் உருகி ஓடி, எஃகு நீலம் பாய்ந்து, கடைசியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பழைய வேன், ஜீப், லாரிகளில் இருப்பது சாய்வு ரோலர் பேரிங். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. திரும்பும்போது பக்கவாட்டில் வரும் பாரத்தையும் தாங்குவதற்காகவே ரோலர்கள் சாய்ந்திருக்கின்றன. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி ரோலர்களை உட்காரவைக்க வேண்டும். பிறகு தளர்த்தி, விரல் பலத்துக்குத் திரும்ப வைத்து, துளைக்கு நேராக்கிப் புது ஸ்பிலிட் பின் போட வேண்டும். பல வண்டிகளில் விட வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் கனம்தான். அளவு வண்டிக்கு வண்டி மாறும்; கம்பெனி மேனுவல் சொல்வதே கணக்கு.

பேரிங்கை மாற்றுவதென்றால், ரோலர்களோடு கூடிய உள்வளையமான கோனும் வெளிவளையமான கப்பும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கப்பில் புது கோன் போடுவது புதுக் காசைக் குப்பையில் போடுவது. கிரீஸை மேலே தடவிவிட்டுப் போனால் போதாது: உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. பெட்டியும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும், விலை மட்டும் பாதி. அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் சீல் செய்த பேரிங். அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும். அதைச் சுத்தியால் அடித்து ஏற்ற விடாதீர்கள், பிரஸ் உள்ள இடத்துக்குப் போங்கள்.

பாதி வழியில் இரைச்சல் கரகரப்பாக மாறினாலோ, ஒரு சக்கரம் மட்டும் அனலாய்க் கொதித்தாலோ, "கோயில் வரைக்கும் மெதுவாகப் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். ஆட்களை இறக்கி ஓரமாக நிற்கவைத்து, அந்தச் சக்கரம் தரையில் உருளாதபடி வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள். இறங்கியவர்களுக்கு அரசு பஸ் இருக்கிறது.