ரீபோர் செய்த இன்ஜினுக்கு எந்த கார்புரேட்டர்?

‘பவர் வீடர் இன்ஜினை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறேன். இனி கொஞ்சம் பெரிய கார்புரேட்டர் மாட்டினால் இழுவை கூடுமா?’ களையெடுப்புப் பருவம் வந்தாலே விவசாயிகள் பலர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்குத் தேவையில்லை என்பதே பதில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பவர் வீடர்களில் பரவலாக உள்ள 196 சிசி பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் 68 மி.மீ. ரீபோரில் அது 68.5 ஆனால் கொள்ளளவு 199 சிசி ஆகும். அதாவது, இன்ஜின் இழுக்கும் காற்று கூடுவது ஒன்றரை சதவிகிதம்தான். இதற்குப் பழைய கார்புரேட்டரே போதும்.

பெரியதைப் போட்டால் என்ன கெடுதல்? தண்ணீர் ஹோஸின் வாயை விரலால் அமுக்கினால் வேகமாகப் பீய்ச்சும். விரலை எடுத்தால் வேகம் குறையும். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையும் அப்படித்தான். காற்று வேகமாகப் போனால்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிப் பொடிப்பொடியாகத் தெளிக்கும். தொண்டை அகலமானால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பாரம் ஏறும்போது திணறும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஜெட்டைத்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலோ, சைலன்சரை மாற்றினாலோ, கேஸ்கெட் வழியாகக் காற்று கசிந்தாலோ இந்த விகிதம் கெடும். பெட்ரோல் குறைந்த கலவை இன்ஜினைச் சூடாக்கும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய இன்ஜினில் கலவையைச் சற்று குறைக்கும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், சீசன் முடிந்ததும் டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் காலி செய்துவிடுங்கள்.

கலவை சரியா என்பதை ப்ளக்கே சொல்லிவிடும். ரீபோர் செய்த இன்ஜின் பழகிய பிறகு, 10 நிமிடம் நிலத்தில் பாரத்தோடு ஓட்டி, அப்படியே நிறுத்துங்கள். ஆறியதும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

* பிஸ்கட் நிறம்: கலவை சரி. கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.
* வெள்ளை: பெட்ரோல் போதவில்லை. முதலில் கசிவையும் ஜெட் அடைப்பையும் பாருங்கள். அப்புறமே அடுத்த எண் ஜெட்.
* காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம். முதலில் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். சோக் முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.
* எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு: ஆயில் எரிகிறது. இது கார்புரேட்டர் கோளாறு இல்லை. ரிங், வால்வைப் பாருங்கள்.

ஜெட்டை ஒரு எண் மட்டும் மாற்றி, மறுபடியும் ஓட்டிச் சோதியுங்கள். பழைய ஜெட்டில் கம்பியை விட்டுக் குடையாதீர்கள். பித்தளைத் துளை பெரிதானால் அளவே போய்விடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

கார்புரேட்டர் உடைந்து புதிதாக வாங்குவதானால், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். சிசி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. தொண்டை விட்டம், போல்ட் துளைகளின் இடைவெளி, கவர்னர் கம்பி மாட்டும் இடம், சோக் லீவர் நான்கும் பொருந்த வேண்டும். பிரஷ் கட்டரைச் சாய்த்துப் பிடித்து வேலை செய்கிறோம். அதனால் அதற்கு டயாஃப்ரம் வகைதான் சரி; ஃப்ளோட் வகை சாய்ந்தால் பெட்ரோல் வழியும்.

வேகத்துக்காக கவர்னரைக் கழற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இந்த இன்ஜின்கள் பொதுவாக 3,600 சுற்றுக்கு உட்பட்டு ஓட வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் கனெக்டிங் ராடு முறியலாம், ஆளுக்கும் ஆபத்து. எந்த கார்புரேட்டரும் அதைத் தடுக்காது.

மக்காச்சோளத்துக்கு முதல் 45 நாட்கள் களை இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் இன்ஜின் படுத்துவிட்டால், கருவி வாங்கியும் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். எனவே, விதைப்புக்கு முன்பே ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். மானியத்தில் வாங்கிய கருவியாக இருந்தால், மாற்றம் எதுவும் செய்யும் முன் வாரன்ட்டி நிபந்தனைகளைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறலாம்.