கூட்டத்தில் இருந்து வயலின் பழகலாமா?

வயலின் என்றால் குருவின் முன்னால் தனியே இருந்து பழக வேண்டிய வாத்தியம் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ ஊறியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் வரிசையாக அமர்ந்து ஒரே சரளி வரிசையை இழுப்பதைப் பார்ப்பவர்கள், வசதியில்லாத ஊரில் நடக்கும் ஒப்பேற்று வேலை என்றே அதை நினைப்பார்கள். வசதிக் குறைவு உண்மைதான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்தே முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். அதைவிட இரண்டரை மடங்கு பரந்த முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு இலட்சம் பேர்கூட இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வயலினில் பட்டப்படிப்பு நடத்தும் இடமோ யாழ்ப்பாணத்து மருதனார்மடம். முல்லைத்தீவின் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் பிள்ளைக்கு வாரந்தோறும் தனிக்குரு என்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் வேறு வழியில்லை என்பதற்காகக் குழு வகுப்பைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் சில ஆண்டுகளுக்கு அதுவே நல்ல வழி.

காரணம் வில்லில் இருக்கிறது. இடக்கை விரல் சுரத்தின் இடத்தைத்தான் பிடிக்கிறது. நாதத்தைப் பிறப்பிப்பது வலக்கை. வில் குதிரைக்குச் சமாந்தரமாக ஓட வேண்டும். விரற்பலகைப் பக்கம் சரிந்தால் ஒலி மெலியும், குதிரையை ஒட்டினால் கீச்சிடும். அழுத்தினால் கரகரக்கும், கை தளர்ந்தால் தந்தி பேசாது. ஒரு சுரத்துக்கு ஒரு வில் என்று தொடங்கிய பிள்ளை, பிறகு ஒரே இழுப்பில் இரண்டு சுரம், நான்கு சுரம் என்று போகும்போது வில்லின் நீளத்தைப் பங்கிடக் கற்க வேண்டும். முதல் சுரத்திலேயே முக்கால் வில்லைச் செலவழித்தவர் நான்காவதற்கு வழியின்றி நிற்பார். இதை வாயால் விளக்குவது கடினம். தன் வில் நுனிக்கு வந்துவிட்டபோது பக்கத்துப் பிள்ளையின் வில் இன்னும் நடுவில் நிற்பதைக் கண்ணால் கண்டவருக்கோ விளக்கமே தேவையில்லை. எல்லா வில்லும் ஒரு திசையில் போகும்போது ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போனால் அதை ஆசிரியருக்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று காலத்தில் அலங்காரம் வாசிக்கும்போது தாளத்தை விட்டு ஓடவும் முடியாது, பின்தங்கவும் முடியாது. வகுப்பின் முதல் கால் மணி நேரம் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டுவதிலேயே போகிறதென்று பெற்றோர் சிலர் குறைப்படலாம். காது பண்படுவதே அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

இந்த வாத்தியம் நம்மிடம் வந்த வழியையும் நினைத்துப் பார்க்கலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னைக்கு அருகே மணலியில் குடும்பம் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. அதே காலத்து ஆங்கில பாண்டு இசையிலிருந்து எடுத்த மெட்டுகளுக்குத்தான் தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்தியங்களை எழுதினார். அவற்றில் ஐரிஷ், ஸ்கொட்டிஷ் மெட்டுகளும் உண்டு. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. சங்கராபரணச் சுரங்களில், கமகமின்றி நேராக ஓடும் இந்த உருப்படிகள் பலர் சேர்ந்து வாசிப்பதற்கென்றே செய்தவை போல இருக்கின்றன. அவை ஏன் தொடக்க வகுப்புகளில் இன்னும் அதிகமாகக் கேட்கப்படவில்லை என்பது எனக்கு வியப்பு.

முல்லைத்தீவு அடங்கிய வன்னிக்குக் கூட்டாகக் கற்பது புதிதுமல்ல. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தை யாரும் தனி அறையில் படித்ததில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஓரடியைப் பாடுவார், கூத்தர் திருப்பிப் பாடுவார், பிற்பாட்டுக்காரர் சேர்ந்து எடுப்பார்கள். குரல் தயங்குகிறவர் பிற்பாட்டில் கலந்து நின்றே பாட்டைப் பிடித்துக்கொள்வார். ஒருவருடைய பாட்டு மற்றவர் காதிலும் ஏறிவிடுவதால் ஆள் குறைந்தாலும் கூத்து நின்றுவிடாது. 2009இல் போரினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஏறத்தாழ முழுப்பேரும் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குள் அடைபட்ட ஒரு நிலத்தில் இது சின்ன விடயமல்ல. ஒரு குருவும் ஒரு சீடனும் என்று கோத்த சங்கிலி ஒரு கண்ணி அறுந்தாலே போய்விடும்.

கூட்டாக வாசிப்பது ஒரு மரபைக் காக்கும் என்பதற்குக் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் ஒரு சான்று இருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வயலின் மெட்டுகள் அங்கே அழிந்துகொண்டிருப்பதாக 1971இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் சொன்னது. சினந்த ஊரவர்கள் 1973இல் கிளெண்டேல் என்ற இடத்தில் நூறுக்கும் மேற்பட்ட வயலின்காரரை ஒரே மேடையில் ஏற்றினார்கள். இளையவர்களுக்கு வகுப்புகளும் தொடங்கின. இன்றும் அந்த இசை அங்கே உயிரோடு இருக்கிறது.

கூட்டத்தில் பிழை மறைந்துவிடும் என்பது முதல் ஆட்சேபம். மறையும்தான், ஆசிரியர் எந்நேரமும் எல்லோரையும் சேர்ந்தே வாசிக்கவிட்டால். ஓர் ஆவர்த்தனம் எல்லோரும், அடுத்தது ஒருவர் என்று மாற்றி மாற்றி வாசிக்கவைத்தால் எந்தப் பிழையும் ஒளிய இடமிருக்காது. இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. தோடியின் காந்தாரத்தைப் பன்னிரண்டு வயலின்களில் ஒன்றாக அசைத்தால் கேட்பது கமகமல்ல, இரைச்சல். அதனால் வர்ணத்துக்கு வரும்போது தனிப்பாடம் சேர வேண்டும். ஜப்பானியரான சுசூகி வகுத்த முறையிலும் தனிப்பாடம், குழு வகுப்பு இரண்டும் கைகோத்தே போகின்றன. தேர்ந்த மாணவருக்கு மாதம் ஒருமுறை யாழ்ப்பாணப் பயணம் கட்டுப்படியாகும். சரளி வரிசைக்காரருக்கு அது வீண்செலவு.

பரீட்சை என்ற தடையும் உண்டு. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் மாணவர் தனித்தே வாசிக்கிறார். அதற்கு ஆயத்தப்படுத்தும் ஆசிரியருக்குச் சேர்ந்து வாசிப்பது மேலதிக வேலையாகத் தெரிவதில் வியப்பில்லை. பாடத்திட்டத்தில் குழு வாசிப்புக்கு ஒரு சிறு பங்கு புள்ளி ஒதுக்கினாலும் வகுப்பறையின் போக்கு மாறும்.

அந்தக் குழு வாசிப்பில் வன்னியின் நாட்டார் பாடல்களான அருவி வெட்டுச் சிந்தும் பண்டிப்பள்ளும் கூத்து மெட்டுகளும் இடம்பெற வேண்டும் என்றால், வயலினுக்குள் போனதும் அவை மெருகேறி வேறொன்றாகிவிடும் என்று கூத்துக்காரர் அஞ்சுவர். நியாயமான அச்சம். சுரப்படுத்தி எழுதிய தாளிலிருந்து வாசித்தால் அதுதான் நடக்கும். அண்ணாவியாரையே வகுப்புக்கு அழைத்து, முதலில் அவர் பாட, பிள்ளைகள் வாயால் பாடிப் பழகி, சொல் முறியும் இடத்தில் வில்லைத் திருப்பக் கற்றால் மெட்டின் நடை பெருமளவு தப்பும். கச்சேரியில் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவரும் சாகித்தியத்தின் சொற்களைப் பார்த்தே வில் போடுகிறார்.